ஃபிஷர் – ஸ்பாஸ்கி 1972, 6-ஆம் ஆட்டம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ரெய்க்யவிக்கில் நடந்த உலக சதுரங்க சாம்பியன் போட்டியின் 6-ஆம் ஆட்டத்தைப் பற்றி வந்த கேள்விகள் இவை. (சி4, டி4 போன்றவை பலகைக் கட்டங்களின் பெயர்கள்: எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை.) ஃபிஷர் வெள்ளை, ஸ்பாஸ்கி கருப்பு.

சி4-இல் தொடங்கிய ஆட்டத்தை குயின்ஸ் கேம்பிட் (டி4, சி4 சிப்பாய்களோடு வெள்ளை ஆடும் ஒரு தொடக்கமுறை) என்கிறார்களே, எப்படி?

3-ஆவது நகர்த்தலில் டி4 வந்ததுமே குயின்ஸ் கேம்பிட் நிலை வந்துவிட்டது. எந்த வழியில் வந்தாலும் வந்து சேர்ந்த நிலைக்குத்தான் பெயர். 7-ஆவதில் கருப்பு பி6 ஆடியதால் அதில் டார்டகோவர் என்ற வகை.

14-ஆவதில் வெள்ளை பிஷப் பி5-க்குப் போய், 17-இல் இ2-க்குத் திரும்புகிறது. வெட்டி வேலைதானே?

இந்த ஆட்டத்தில் அதிக நேரம் உட்கார வேண்டிய இடமே இதுதான். கருப்பின் பி8 குதிரை டி7-க்கு வந்தால் பிஷப் வெட்டும். சி5-க்கு ஒரு காவல் குறையும். ஸ்பாஸ்கி ஏ6 ஆடி விரட்டப் பார்த்தார். ஆனால் அந்தச் சிப்பாயால் பிஷப்பை வெட்ட முடியாது. வெட்டினால் ஏ3-இல் நிற்கும் ராணி ஏ8 யானையைத் தூக்கிவிடும். நடுவில் பி8 குதிரை மறிப்பதால் சி8 யானை உதவிக்கு வராது. அதனால் கருப்பு யானையை ஏ7 என்ற அசட்டு மூலைக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் சி5, டி5 சிப்பாய்கள் பக்கத்துணை இல்லாமல் தொங்க ஆரம்பித்துவிட்டன.

அப்படியானால் கருப்பு என்ன ஆடியிருக்க வேண்டும், சார்?

14-ஆவதில் ஏ6-க்குப் பதிலாக ராணியை பி7-க்கு. அடுத்த ஆண்டே டிம்மனுக்கு எதிராக கெல்லர் அதை ஆடி ஜெயித்தார். (இதே கெல்லர் 1972-இல் ஸ்பாஸ்கியின் உதவியாளர்!) ஒரு சிப்பாயைக் கொடுத்து, ராணியை சி4-இல் நிறுத்தினார், எஃப்1 கட்டம் அதன் பார்வையில் இருந்ததால் வெள்ளையால் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்ய முடியவில்லை. இரண்டு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

20.இ4-க்கு கருப்பு ஏன் வெட்டவில்லை?

வெட்டினால் சி5, இ4, இ6 எல்லாமே அநாதைச் சிப்பாய்கள் (பக்கத்து நெடுவரிசையில் துணைச் சிப்பாய் இல்லாதவை). அதற்குப் பதிலாக ஸ்பாஸ்கி சிப்பாயை டி4-க்குத் தள்ளினார்; அதுவும் சுகமில்லை: வெள்ளை பிஷப்புக்கு சி4 கிடைத்து, பலவீனமான இ6-ஐக் குறிவைத்தது. பிறகு எஃப்4, இ5, எஃப்5 என்று வரிசையாக ஏறியது.

எஞ்சினை (நகர்த்தல்களை ஆராயும் கணினி நிரலை) எப்போது திறக்கலாம்?

14, 20 இரண்டிலும் உங்கள் நகர்த்தலையும் காரணத்தையும் எழுதி வைத்த பிறகு.

41 நகர்த்தலையும் மனப்பாடம் செய்யணுமா?

வேண்டாம். ஏ7 யானை ஏன் அங்கே போனது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.