பனிமூட்டம் வைஃபையைத் தின்னாது: லினக்ஸ் லெப்டொப்பில் அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பு

கேள்வி: டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஹட்டனில் வாங்கிய பாவித்த எச்பி லெப்டொப்பில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். வீட்டில் சிம் போடும் 4ஜி ரவுட்டர். பின்னேரம் ஒன்லைன் வகுப்பு நடக்கும்போது வைஃபை திடீர் திடீரென்று அறுந்துவிடுகிறது. சில நேரம் தானாக வரும், சில நேரம் லெப்டொப்பை அணைத்துப் போட வேண்டும். போனில் இந்தப் பிரச்சினை குறைவு. கடையில் கேட்டால், "மலைநாட்டுப் பனிக்கு அப்படித்தான். பூஸ்டர் ஒன்னு போடுங்க, இல்லாட்டி விண்டோஸ் போட்டுத் தர்றோம்" என்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். எங்கே அறுகிறது என்று தெரியும்வரை ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் இணைப்பு இரண்டு துண்டாக இருக்கிறது. லெப்டொப்பிலிருந்து ரவுட்டர் வரை ஒரு துண்டு, அதுதான் வைஃபை. ரவுட்டரிலிருந்து மலையுச்சிக் கோபுரம் வரை மற்றது, அது 4ஜி. வகுப்பு நின்றுபோனால் எல்லோரும் "வைஃபை போச்சு" என்றுதான் சொல்கிறோம். கடைக்காரருக்கு அது வசதி. எந்தத் துண்டு என்று கேட்காமலே அவரால் பொருளை விற்றுவிட முடியும்.

கண்டுபிடிப்பது எளிது. மெனுவில் டெர்மினலைத் திறந்து, பிங் (பி-ஐ-என்-ஜி) என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ரவுட்டரின் முகவரியைத் தட்டுங்கள். முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். சிம் ரவுட்டர்களில் பெரும்பாலும் 192.168.8.1 அல்லது 192.168.1.1. இன்னொரு டெர்மினலைத் திறந்து அதே பிங், ஆனால் முகவரி இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8. இரண்டும் நொடிக்கொரு வரியாக ஓடிக்கொண்டிருக்கும். வகுப்பு முடியும்வரை அப்படியே விடுங்கள். இணைப்பு போகும் நேரத்தில் இரண்டும் நின்றால் கோளாறு லெப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் இடையில், அல்லது ரவுட்டரிலேயே. முதலாவது ஓட, இரண்டாவது மட்டும் நின்றால் உங்கள் லினக்ஸில் ஒரு குறையும் இல்லை, கோபுரப் பக்கத்தில்தான் சிக்கல். அப்படியான நேரத்தில் மேசைத்திரை மூலையிலுள்ள வைஃபை சின்னம் மறையாமல் இருக்கும், பக்கங்கள் மட்டும் திறக்காது.

போனில் குறைவு என்கிறீர்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். வைஃபையில் இன்டர்நெட் இல்லையென்றால் இன்றைய போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஒருநாள் பின்னேரம் போனையும் லெப்டொப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் லெப்டொப் மட்டும் விழுந்தால்தான் குற்றவாளி லெப்டொப்.

லெப்டொப் என்று உறுதியானால் முதலில் பார்க்க வேண்டியது மின்சேமிப்பு. பல நேரம் இதோடு விஷயம் முடிந்துவிடும். ரவுட்டர் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை "நான் இருக்கிறேன்" என்று ஒரு சிறு அறிவிப்பை அனுப்புகிறது. பட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக வைஃபை கார்ட் இடையிடையே தூங்கி, அறிவிப்பு வரும் நேரத்துக்கு விழிக்க வேண்டும். மலிவான கார்ட்கள் சில நேரம் விழிக்கப் பிந்திவிடும். தொடர்ந்து சில அறிவிப்புகள் தவறினால் ரவுட்டரே போய்விட்டது என்று டிரைவர், அதாவது கார்ட்டை இயக்கும் மென்பொருள், முடிவு கட்டி, இணைப்பை அறுத்துவிடும். உபுண்டுவும் அதன்மேல் கட்டப்பட்ட மின்ட்டும் இந்தத் தூக்கத்தை இயக்கிய நிலையில்தான் வருகின்றன.

மாற்றும் வழி இது. கோப்பு மேலாளரில் ஃபைல் சிஸ்டம் என்பதற்குள் இடிசி என்ற கோப்புறை, அதற்குள் நெட்வர்க்மேனேஜர், அதற்குள் கொன்ஃப் டொட் டி. அங்கே வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து "ஓபன் ஏஸ் ரூட்" கொடுத்துக் கடவுச்சொல்லைத் தட்டுங்கள். டிஃபோல்ட், வைஃபை, பவர்சேவ், ஒன் என்ற நான்கு சொற்களையும் சிறுகோட்டால் இணைத்த பெயரில் ஒரு கோப்பு இருக்கும். உள்ளே இரண்டே வரிகள். இரண்டாவது வரி 3 என்ற எண்ணில் முடியும். அதை 2 ஆக்கிச் சேமித்து, லெப்டொப்பை மீள இயக்குங்கள். 3 என்றால் தூங்கு, 2 என்றால் தூங்காதே. வேறு எழுத்தைத் தொட வேண்டாம். பட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். வகுப்பு அறுபடாமல் இருப்பதற்கு அது சிறிய விலை.

பட்டரியைக் காப்பதற்கென்று டிஎல்பி என்ற மென்பொருளை யாராவது போட்டுவிட்டிருந்தால், மேலே செய்த மாற்றம் பலிக்காது. சார்ஜர் கழன்றதும் டிஎல்பி வைஃபையை மறுபடி தூங்கப் போடும். மழைநாளில் கரண்ட் போகும், லெப்டொப் பட்டரிக்கு மாறும், உடனே வைஃபை தடுமாறும். பார்ப்பவர் இடியின் மேல் பழியைப் போடுவார். சார்ஜர் இல்லாதபோது மட்டும் இணைப்பு விழுகிறதென்றால் டிஎல்பியை அகற்றிவிட்டுப் பாருங்கள்.

அடுத்து உங்கள் லெப்டொப் எச்பி என்பதால் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெனுவில் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் அல்லது சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்து, நெட்வர்க் என்ற பகுதியில் கார்ட்டின் பெயரைப் பாருங்கள். ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ என்று இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள், இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். இந்தக் கார்ட்டில் அன்டெனா செருகும் இடங்கள் இரண்டு. செலவைக் குறைக்க, பல மொடல்களில் ஒரேயொரு வயரைத்தான் செருகி அனுப்பினார்கள். எந்த இடத்தில் வயர் இருக்கிறது என்று லினக்ஸ் டிரைவருக்குத் தெரியாமல், வெறுமையாக இருக்கும் இடத்தில் காதை வைத்துக்கொண்டிருக்கும். அறிகுறி தெளிவானது. ரவுட்டருக்கு அருகே இருந்தால் நன்றாக வேலை செய்யும், அடுத்த அறைக்குப் போனதும் ஒரு கோடுதான் மிஞ்சும், அதே இடத்தில் போன் முழுக் கோடு காட்டும். அன்டெனா உடைந்துவிட்டது, கார்ட் மாற்ற வேண்டும் என்று இந்த இடத்தில்தான் காசு பிடுங்குவார்கள். ஒன்றும் உடையவில்லை. இடிசி கோப்புறைக்குள் மொட்ப்ரோப் டொட் டி என்ற கோப்புறையை முன்போலவே ரூட்டாகத் திறந்து, ஒரு புதிய வெற்றுக் கோப்பு உருவாக்குங்கள். பெயர் எதுவும் வைக்கலாம், ஆனால் புள்ளியும் கொன்ஃப் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் கடைசியில் வர வேண்டும். உள்ளே ஒரே வரி: ஓப்ஷன்ஸ், இடைவெளி, ஆர்டிஎல்8723பிஇ, இடைவெளி, பிறகு ஏ-என்-டி, அடிக்கோடு, எஸ்-இ-எல், சமன் குறி, 2. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, சமன் குறிக்கு இருபுறமும் இடைவெளி கூடாது. மீள இயக்கிப் பாருங்கள். கோடுகள் கூடவில்லை என்றால் 2 ஐ 1 ஆக்குங்கள். இரண்டில் ஒன்று சரிவரும். லெப்டொப்பைத் திறக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், வயரை ஓர் இடத்திலிருந்து கழற்றி மற்றதில் அழுத்தினாலும் அதே பலன்.

புதுப்பிப்புக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியதென்றால், புதிய கேர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, சந்தேகியுங்கள். லெப்டொப் எழும்பும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் பட்டனை அழுத்தினால் வரும் பட்டியலில் "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" என்பதற்குள் பழைய கேர்னல் இருக்கும், அதில் போய்ப் பாருங்கள். மணிக்கொருமுறை சரியாக ஒரே நிமிடத்தில் விழுந்தால் அது ரவுட்டர் தன் குறியீட்டுச் சாவியை மாற்றும் நேரம். பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டினால் திறக்கும் ரவுட்டர் அமைப்பில் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று மட்டும் வையுங்கள்.

இனிப் பனிக்கு வருவோம், ஏனென்றால் மலைநாட்டில் இந்த ஒரு பொய்யால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வீட்டு வைஃபை 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகிறது. மழையும் பனிமூட்டமும் அலையைக் கணிசமாகக் குறைப்பது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான். உங்கள் வீட்டு அறைக்குள் பனி வந்து வைஃபையை மறைக்காது. மறைப்பது கருங்கல் சுவரும் தகரமும்தான். லயன் வீட்டில் இடைச்சுவர் தடிப்பானதென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டாது, 2.4 ஐப் பாவியுங்கள். அதே லயனில் வீட்டுக்கு வீடு ரவுட்டர் இருக்கும், எல்லாம் ஒன்றோடொன்று மோதும். ரவுட்டர் அமைப்பில் சனலை ஓட்டோவில் விடாமல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக்கி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவே சவுக்கு, டர்பன்டைன் மரங்கள் அடர்ந்திருந்தால் ஈர இலை 4ஜியைச் சிறிது குறைக்கும், அது உண்மை. அதற்கு மருந்து ரவுட்டரைக் கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வைப்பது.

பூஸ்டர் என்ற பெயரில் இரண்டு வகைப் பொருள் விற்கிறார்கள். சுவரில் செருகும் வைஃபை ரிப்பீட்டர் ஒன்று. அது ரவுட்டரிடம் கேட்டதைத் திரும்பச் சொல்வது, அதனால் வேகம் பெரும்பாலும் பாதியாகிறது. ரவுட்டருக்கே கோபுரம் கேட்காதபோது அது எதைத் திரும்பச் சொல்லும்? மற்றது கூரையில் அன்டெனாவோடு வரும் மொபைல் சிக்னல் பூஸ்டர். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியில்லாமல் இதைப் பொருத்துவது சட்டத்துக்கு மாறானது. தரமற்றது கோபுரத்தையே குழப்பி, உங்கள் லயன் முழுவதற்கும் சிக்னலைக் கெடுக்கும். விற்பவர் இதைச் சொல்லமாட்டார், பில்லும் தரமாட்டார்.

"லினக்ஸுக்கு வேலை செய்யும்" என்று பெட்டியைக் காட்டி விற்கும் யூஎஸ்பி வைஃபை டொங்கிளும் அப்படித்தான். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்பது நல்ல உதாரணம். முதல் பதிப்பில் ஏதரோஸ் சிப் இருந்தது, லினக்ஸில் அருமையாக ஓடியது. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் சிப், பெயர் மட்டும் அதே. பெட்டியின் பெயரைப் பார்க்காதீர்கள், சிப்பையும் பதிப்பு எண்ணையும் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். கார்ட் மாற்றச் சொன்னாலும் கவனம். இன்டெல் ஏஎக்ஸ்201 மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஏஎம்டி லெப்டொப்பில் அது வேலையே செய்யாது, ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வேண்டும். பழைய திங்க்பேட் லெப்டொப்கள் தாங்கள் அறியாத கார்ட்டைப் போட்டால் 1802 என்ற பிழையைக் காட்டி எழும்பவே மறுக்கும்.

விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்பதற்கும் ஒரு சொல். அவர்கள் போடுவது பெரும்பாலும் உரிமம் இல்லாத பிரதி. உங்கள் கோப்புகள் அழியும், ரவுட்டரிலோ கோபுரத்திலோ கோளாறு இருந்தால் அது அப்படியே இருக்கும்.

பிங் சோதனையில் இரண்டும் நின்று, போனும் கூடவே விழுந்தால் ரவுட்டரே அணைந்து எழும்புகிறது. ரவுட்டர் அமைப்பில் அது எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்ற கணக்கு இருக்கும், அது பூச்சியத்திலிருந்து தொடங்கியிருந்தால் அடப்டரைப் பாருங்கள். கரண்ட் வெட்டுக்கென்று வாங்கிய மினி யூபிஎஸ் சில நேரம் 12 வோல்ட் 1 அம்பியர்தான் தரும், ரவுட்டருக்கு 2 அம்பியர் தேவையென்று அடியில் எழுதியிருக்கும். வீடியோ ஓடும்போது இழுவை கூடி அது விழும். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், அம்பியர் ரவுட்டர் கேட்பதற்குக் குறையக்கூடாது.

கோபுரப் பக்கம்தான் என்றால், ரவுட்டர் அமைப்பில் கோபுர சிக்னலின் வலுவைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். மறை 90க்கு மேலே, அதாவது மறை 85, 80 என்று இருந்தால் நல்ல சிக்னல். மறை 110 ஐத் தாண்டிக் கீழே போனால் விழத்தான் செய்யும். எண் நன்றாக இருந்தும் பின்னேரம் மட்டும் நிற்கிறதென்றால் கோபுரத்தில் நெரிசல். நிறுவனத்துக்கு அழைத்தால் "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்பார்கள், லினக்ஸ் என்று சொன்னால் "அதற்கு எங்களிடம் உதவி இல்லை" என்று முடித்துவிடுவார்கள். கோபுரம் டவுன் ரோட்டைப் பார்த்து நிற்கிறது, பள்ளத்தில் இருக்கும் டிவிஷன்களில் இருப்பவர்களும் அதே பெக்கேஜ் காசைத்தான் கட்டுகிறார்கள். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. லினக்ஸ் என்ற சொல்லை எடுக்காமல், திகதி, நேரம், ஆர்எஸ்ஆர்பி எண், 8.8.8.8 நின்ற நேரம் ஆகியவற்றை மட்டும் எழுதி முறைப்பாட்டு இலக்கம் கேளுங்கள். இலக்கம் இருந்தால்தான், அவர்கள் அசையாதபோது ஆணைக்குழுவுக்கு எழுத முடியும்.