கிணத்துக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?

வணக்கம். மழைக்குப் பிறகு கிணத்துக்கு எவ்வளவு பவுடர் போடவேணும் எண்டு கேட்டால் எல்லாரும் "அது கிணத்தைப் பொறுத்தது" எண்டுதான் சொல்லீனம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். நேர பதில்: 1000 லீற்றருக்கு 2.5 கிராம்.

பொறுத்தது எண்டுறது தண்ணியின்ர அளவு. வட்டக் கிணறெண்டால் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, தண்ணி ஆழத்தாலயும் 0.785 ஆலயும் பெருக்குங்கோ, எல்லாம் மீற்றரில. வாறதை 1000 ஆல பெருக்கினால் லீற்றர். 3 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணி எண்டால் 14,000 லீற்றர் சொச்சம். 35 கிராம் காணும்.

பவுடரை அப்பிடியே கொட்டாதேங்கோ. வாளியில களிபோலக் குழைச்சு, முக்கால் வாளிக்குத் தண்ணி விட்டுக் கலக்கி, 10 நிமிசம் விடுங்கோ. அடியில சுண்ணாம்பு படியும். அது கிணத்துக்க போனால் தண்ணி இன்னும் வன்மையாகும் (சுண்ணாம்புத் தன்மை கூடும்); எங்கட சுண்ணக்கல் நிலத்துத் தண்ணிக்கு அது ஏற்கெனவே கூட. தெளிஞ்சதை மட்டும் இன்னொரு வாளியில வாத்து, கிணத்துக்க இறக்கி, மேலும் கீழுமா இழுத்துக் கலக்குங்கோ. ஒரு மணித்தியாலம் அள்ளவேண்டாம்.

பிறகு குளோரின் மணமே இல்லையெண்டால் தண்ணி கலங்கல், இல்லாட்டி பவுடர் பழசு. திறந்து வைச்ச பவுடர் வீரியம் இழந்திடும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தண்ணியில மிஞ்சிற குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கவேணும். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிட்டச் சொல்லி அதைச் சோதிச்சுப் பாருங்கோ.

தோட்டத்துக்குக் கிட்டவான கிணறெண்டால் பசளையில இருந்து தண்ணியில சேருற நைத்திரேற்றையும் சோதிக்கக் குடுங்கோ. அது குளோரினாலயும் போகாது, கொதிக்க வைச்சாலும் போகாது.