ரெஸ்யூம் எப்படி எழுதினால் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள்?

பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து ஒரு ரெஸ்யூம் அடித்து வாங்கி, அதை நாலு இடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படி வாங்கியவன்தான்.

2013-இல் மன்னார்குடியில் பி.காம் முடித்தேன். சென்டர் அண்ணன் ஒரு பழைய ஃபைலைத் திறப்பார், பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றுவார், அவ்வளவுதான். ரெண்டு வருடம் கழித்து ஒரகடத்தில் ஒரு கிடங்கு வேலைக்கு அதை மெயிலில் அனுப்பினோம். எங்கள் செட்டில் நாலு பேருக்கு அழைப்பு வந்தது. அங்கிருந்த அதிகாரி நாலு தாளையும் மேசையில் பரப்பிவிட்டு, "தம்பி, உங்க ஊர்ல எல்லாருமே தபால்தலை சேகரிப்பீங்களா?" என்றார். நாலு பேருக்கும் அதே பொழுதுபோக்கு. நான் ஒரு தபால்தலையைக்கூட எடுத்து வைத்தது கிடையாது.

அப்புறம் என்னிடம், "படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?" என்றார். சும்மா இருந்தேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. உண்மையில் ரெண்டு சம்பா அறுவடைக்கும் நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக (பில் கிளார்க்) இருந்தேன். தற்காலிக வேலை, இதையெல்லாமா போடுவது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன்: 40 கிலோ மூட்டை, நாளைக்கு 700, 800 வரும், சாக்குக் கணக்கு, லாரியில் ஏறிய கணக்கு, ராத்திரி இருப்பு நேரானால்தான் வீட்டுக்கு. அவர் பேனாவை எடுத்து என் 'தொழில் குறிக்கோள்' பத்தியைக் குறுக்கே அடித்துவிட்டு, அதன் மேலேயே இதை எழுதிக்கொண்டார். வேலை கிடைத்தது.

ஆகவே செய்த வேலையை எண்ணோடு, முதல் அரைப்பக்கத்திலேயே எழுதுங்கள். அப்பா பெயர், மதம், 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழி எதுவும் வேண்டாம். அரசு விண்ணப்பம் வேறு கதை, அதைச் சொல்லி யாரும் சண்டைக்கு வராதீர்கள். பல பெரிய கம்பெனிகளில் முதலில் மென்பொருள்தான் படிக்கும் என்பதும் தெரியும். அதற்கும் சேர்த்தே சொல்கிறேன்: பக்கத்தைப் பக்கம் பக்கமாக ரெண்டு காலமாகப் (column) பிரிப்பது, கட்டம் போடுவது எல்லாம் அதைக் குழப்பலாம். விளம்பரத்தில் கேட்ட வேலையை நீங்கள் செய்திருந்தால் அதே சொல்லில் எழுதுங்கள்.

      

சரி, இன்னொன்று. பிடிஎஃப் ஆக்கி, உங்கள் பெயரிலேயே சேமித்து அனுப்புங்கள். என்னுடையது 'குமார் நியூ பைனல்' என்று போயிருந்தது. என் பெயர் குமார் இல்லை.