டோட்டல் லாஸ் வண்டிய நம்பி வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, நாலரை வருஷம் ஓடுன கார் ஒன்னு தஞ்சாவூர்ல வெலைக்கு வருது. இதே மாடல் வெளில அஞ்சு லட்சம், இவரு மூணுக்கே தர்றேங்கறாரு. கேட்டா டோட்டல் லாஸ்ல (ரிப்பேர் பண்ணி கட்டுப்படியாவாதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் குடுத்து முடிச்ச வண்டி) எடுத்து ரெடி பண்ணதாம், ஆர்சி சுத்தமாம். வாங்கலாமா? இன்சூரன்ஸ் கெடைக்குமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: ஒளிக்காம சொன்னாரே, அதுக்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம் தம்பி. ஆனா "ஆர்சி சுத்தம்"ங்கறதுல ஒன்னுமே இல்ல. அமெரிக்காவுல இப்புடி அடிபட்டு எழுந்த வண்டிக்கு பேப்பர்லயே முத்திரை விழுந்துடும், நம்ம ஆர்சில அந்த மாதிரி குறிக்க எடமே கெடையாது, அதனால எல்லா வண்டி ஆர்சியும் பாக்க சுத்தமாத்தான் இருக்கும்.

ரிப்பேர் செலவு ஐடிவில 75 சதவீதத்த தாண்டுனா இன்சூரன்ஸ் கம்பெனி அத டோட்டல் லாஸ்னு முடிச்சிடும். ஐடிவிங்கறது வண்டியோட வயச வச்சு பாலிசில போடுற வெல, நாலு வருஷம் தாண்டி அஞ்சுக்குள்ள இருந்தா ஷோரூம் வெலைல 50 சதவீதம் கழிப்பாங்க. எட்டு லட்சத்து வண்டின்னா நாலு லட்சம். ஒன்னோடது டிங்கரிங் பாத்த வண்டியா இல்லையான்னு வயச வச்சு கழிக்கிற அந்தக் கணக்குக்கு தெரியாது, நீ மூணு லட்சத்துக்கு வாங்கிட்டு நாலு லட்சத்துக்கு பிரீமியம் கட்டுவ. விக்கப் போறப்ப மூணுகூட வராது. பழைய கதைய மறைச்சு பாலிசி எடுத்தா நாளைக்கு க்ளெய்ம்ல அதையே புடிச்சு தொங்குவாங்க, அதனால எழுதிக் குடுத்துட்டே எடு.

பழைய பாலிசி காப்பிய கேளு. நாலரை வருஷ வண்டில என்சிபி (க்ளெய்ம் பண்ணாத வருஷத்துக்கு பிரீமியத்துல குடுக்குற தள்ளுபடி) சைபர்னு இருந்தா க்ளெய்ம் போயிருக்கான்னு தோண்டணும் (பேர் மாறுனாலும், பாலிசி 90 நாளுக்கு மேல விட்டுப் போனாலும் சைபர் ஆவும், அதையும் கேட்டுக்க). கம்பெனி சர்வீஸ் சென்டர்ல நம்பர சொல்லி ஹிஸ்டரி பாரு. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு, வெள்ளத்துல நின்ன வண்டின்னா உள்ள சுருண்டு கெடக்குற பகுதில சேத்துக் கறை இருக்கும், 2015 சென்னை வெள்ளத்துக்கு அப்புறம் எத்தனையோ வண்டி ஏலத்துல போச்சு. சாவி போட்டதும் ஏர்பேக் லைட் எரிஞ்சு அணையணும், எரியவே இல்லன்னா எவனோ ஒயர கழட்டியிருக்கான். அப்புடி இருந்தா ரெண்டு லட்சத்துக்கு குடுத்தாலும் எடுக்காத, குடும்பத்த ஏத்திக்கிட்டு போற வண்டி.

இதெல்லாம் தேறுச்சுன்னா, சேசிஸ் (வண்டியோட அடிச்சட்டம்) வளையாம கதவு பானெட் மட்டும் மாத்துன வண்டின்னா, ரெண்டே முக்காலுக்கு பேசி எடு. பேர் மாத்துன 14 நாளுக்குள்ள பாலிசியையும் ஒன் பேருக்கு மாத்திடணும்.

கேள்வி: காத்துல புளியமரக் கெளை ஒடிஞ்சு எங்க கார் மேல விழுந்துடுச்சு. ஐடிவி நாலு லட்சம். இன்சூரன்ஸ் சர்வேயர் டோட்டல் லாஸ்ங்கறாரு, ஒடஞ்ச வண்டி மதிப்பு 1.2 லட்சமாம். எங்க மெக்கானிக் 2.5க்கு ரெடி பண்றேங்கறாரு. வண்டிய நாங்களே வச்சுக்கலாமா?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: கஜா புயல் அடிச்ச 2018லயே ஒங்க பக்கத்து ஆளுங்க இந்தக் கணக்குல பட்டவங்கம்மா. வண்டிய நீங்க வச்சுக்கிட்டா நாலுல 1.2 போக 2.8 லட்சம்தான் கைக்கு வரும், அதுலயும் ஆயிரமோ ரெண்டாயிரமோ கட்டாயப் பிடித்தம் உண்டு. மெக்கானிக்குக்கு 2.5 போனா மிச்சம் முப்பதாயிரத்துக்கும் கீழ, கூட ஒரு அடிபட்ட வண்டி. அவர் ரேட்டு கம்மியா இருக்கறதுக்கு காரணம், ஷோரூம் புதுசா மாத்துற பார்ட்ட இவரு தட்டி நிமித்தி பெயின்ட் அடிப்பாரு. கூரை நசுங்கி, அதத் தாங்குற பில்லர் வளைஞ்சிருந்தா அது சரிப்படாது. என்னக் கேட்டா விட்டுட்டு முழுப் பணத்த வாங்கிடுங்க. லோன் பாக்கி இருந்தா மொதல்ல பேங்குக்குத்தான் போவும்.

ஒன்னு மட்டும் கவனம். ஒடஞ்ச வண்டிய எடுக்குற ஆளு ஒங்க பேர் ஆர்சியோடவே அத ரெடி பண்ணி ஓட்டுனா நாளைக்கு விபத்துல நோட்டீஸ் ஒங்க வீட்டுக்கு வரும், ஆர்சில யார் பேரோ அவங்கதான் ஓனர்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. அதனால ஆர்டிஓல ஆர்சிய ரத்து பண்ணுங்க, இல்லன்னா பேர் மாறுன காப்பிய கையில வாங்குங்க, ஃபாஸ்டேக்கையும் க்ளோஸ் பண்ணிடுங்க.