அம்மாவுக்கு 19 மி.மீ. இதய வால்வு வைத்திருக்கிறார்கள். சைஸ் சின்னது என்பதால் பின்னால் பிரச்சினை வருமா?

அம்மா 150 செ.மீ. உயரம், 45 கிலோ எடை, மாற்றியது பெருந்தமனி வால்வு என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்படுவதற்கு முன் அந்த உயரத்தையும் எடையையும் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எக்கோ எடுப்பது என் வேலை. என் அக்காவுக்கும் 19 எண் மெட்டல் வால்வுதான். இந்தக் கேள்வியோடு நானும் சில இரவுகள் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

வால்வு அட்டையில் இருக்கும் எண் ரத்தம் போகிற வழியின் அகலத்தைச் சொல்வதில்லை. வால்வுக்குச் சட்டம் உண்டு, தையல் வளையம் உண்டு. அவை அடைத்தது போக மிஞ்சுவதுதான் வழி. ஒரு கம்பெனியின் 21ஐயும் இன்னொரு கம்பெனியின் 21ஐயும் பக்கத்தில் வைத்தால் அந்த மிச்சம் ஒன்றாக இருக்காது. அதனால் நாங்கள் எண்ணை விட்டுவிட்டு, ரத்தம் உண்மையில் பாயும் திறப்பின் பரப்பை உடற்பரப்பால் வகுக்கிறோம். பெருந்தமனி வால்வில் விடை 0.85க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 0.65 வரை இறங்கினால் பொருத்தம் ஓரளவு குறைவு. அதற்கும் கீழே போனால் கடுமையான குறைவு. (உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்த எல்லைகள் இன்னும் கொஞ்சம் கீழே.) புது வால்வு நன்றாக வேலை செய்தும் ஆளுக்குச் சிறிதாகிப் போகலாம் என்பதை 1978இல் ரஹிம்தூலா என்ற இதய மருத்துவர் எழுதினார்.

உயரத்தையும் எடையையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடற்பரப்பு. அம்மாவுக்கு 1.37 சதுர மீட்டர். வால்வின் திறப்பு 1.2 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால் விடை 0.88 வருகிறது, போதும். அதே வால்வை 175 செ.மீ., 85 கிலோ உள்ளவருக்கு வைத்தால் 0.59. அவருக்கு அது கடுமையான குறைவு.

அப்படிக் குறைந்தால் என்ன ஆகும்? பாயும் ரத்தம் அதே அளவாக இருக்கும்போது திறப்பு பாதியானால், வால்வைத் தாண்ட இதயம் தர வேண்டிய அழுத்தம் சுமார் 4 மடங்காகும். பழைய வால்வோடு மல்லுக்கட்டித் தடித்துப்போன இடது கீழறைச் சுவர், ஆபரேஷனுக்குப் பிறகு மெல்ல இளைக்க வேண்டும். சுமை குறையாவிட்டால் அது சரியாக இளைக்காது. நடந்தால் மூச்சு வாங்குவது நீடிக்கும், இதயச் செயலிழப்பால் மறுபடி அட்மிட் ஆவது கூடும், நீண்ட காலத்தில் உயிரிழப்பும் கூடுகிறது. டிஷ்யூ வால்வாக (விலங்குத் திசுவால் செய்தது) இருந்தால் சீக்கிரம் தேய்கிறது. ஏற்கெனவே பம்பிங் குறைந்தவர்களை இது அதிகம் தாக்கும். அதிகம் நடமாடாத முதியவர்களுக்கு ஓரளவு குறைவு பெரிதாகத் தெரியாது.

சரி, பெரிய வால்வாக வைத்துவிட வேண்டியதுதானே என்று அக்காவின் சர்ஜனிடம் நானே கேட்டேன். வால்வு உட்காரும் இதயத்தின் வளையம் இடம் கொடுக்காத இடத்தில் திணித்தால் கிழியும், இதயத் தமனிகளின் வாய் அடைபடும் என்றார். அந்த வளையத்தை வெட்டி, ஒட்டுப் போட்டு அகலமாக்கும் முறைகள் இருக்கின்றன. ஆபரேஷன் நேரம் கூடும் என்பதால் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். டிஷ்யூ வால்வு வைத்துக்கொள்ளும் நடுத்தர வயதுக்காரர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பின்னாளில் அது தேய்ந்தால் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக அதற்குள்ளேயே இன்னொரு வால்வை வைப்பார்கள், அப்போது 19க்குள் இருக்கும் வழி இன்னும் சுருங்கும்.

அம்மாவுக்கு இனி முக்கியம், ஆபரேஷன் முடிந்து ஓரிரு மாதத்தில் எடுக்கும் முதல் எக்கோ. அதைப் பத்திரமாக வையுங்கள். கிரேடியன்ட் (வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்) முதல் நாளிலிருந்தே கூடுதலாக இருந்தால் காரணம் அளவாக இருக்கலாம். முதலில் குறைவாக இருந்து பிறகு ஏறினால் ரத்தக் கட்டி, திசு வளர்ச்சி, தேய்மானம் என்று தேட வேண்டும். அக்காவுக்கு கிரேடியன்ட் 14ஆக இருந்தது ஒருமுறை 21 வந்தது. பழைய ரிப்போர்ட் கையில் இருந்ததால் ஏறியிருப்பது உடனே தெரிந்தது. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் காட்டும் அளவு) சரி, வால்வின் தகடுகளும் நன்றாகத் திறந்தன. ஹீமோகுளோபின் பார்த்தால் 7! ரத்தசோகையில் இதயம் வேகமாக ரத்தத்தைத் தள்ளுவதால் ஏறிய அழுத்தம் அது. சிகிச்சைக்குப் பிறகு 15க்கு இறங்கிவிட்டது.

அடுத்த செக்கப்பில் அந்த முதல் ரிப்போர்ட்டைக் காட்டி, உடற்பரப்புக்கு வகுத்த திறப்பு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். ரிப்போர்ட்டில் அது இல்லையென்றால் எக்கோ எடுப்பவரே கணக்கிட்டு எழுதித் தருவார்.