ஆர்சனிக் ஆராய்ச்சிக்கு மகளை அனுப்பலாமா?

பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டில் இருக்கும் மகள், தண்ணீரிலும் மீனிலும் அரிசியிலும் உள்ள ஆர்சனிக்கைப் பற்றித்தான் மேலே படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாஷாணத்தோடு பெண்ணுக்கு என்ன வேலை, உடம்புக்கு ஒன்றும் ஆகாதா, படித்தால் வேலை கிடைக்குமா என்று மூன்று கேள்விகள். மூன்றும் கேட்கவேண்டியவைதான்.

உடம்பு பற்றிய பயத்தை முதலில் பார்த்துவிடலாம். குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நம் ஐ.எஸ். 10500 தரம் சொல்லும் 0.01 மில்லிகிராமும் அதேதான். ஆய்வகத்தில் அன்றாடம் புழங்குவது இந்த அளவைச் சுற்றித்தான். அலமாரியில் இருப்பதிலேயே அடர்த்தியானது லிட்டருக்கு 1000 மில்லிகிராம் கொண்ட ஒரு சின்ன ஸ்டாண்டர்டு பாட்டில், அதாவது அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல். கையுறை போட்டு மைக்ரோபிப்பெட்டில் எடுக்கிற வரை அதைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை.

ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. மாதிரியைக் கரைக்கிற அடர் நைட்ரிக் அமிலம், ஆர்சனிக்கை வாயுவாக்கி அளக்கும் ஹைட்ரைடு முறையில் கிளம்பும் ஆர்சைன் வாயு, சுத்தமான நிலையில் உள்ள கரிமப் பாதரசம். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் 1996-இல் டைமெத்தில் பாதரசத்தின் சில துளிகளை லேடெக்ஸ் கையுறைமேல் சிந்திக்கொண்டார். கையுறையைத் தாண்டி அது தோலுக்குள் இறங்கியது. அடுத்த ஆண்டு இறந்துபோனார். இத்தனைக்கும் அவர் நச்சு உலோகங்களில் தேர்ந்தவர். அதற்குப் பிறகு அந்தச் சேர்மத்தைத் தவிர்ப்பதே பொதுவழக்கம். சூழல் ஆய்வுக்கு நீர்த்த மெத்தில் பாதரசக் குளோரைடு போதும். ஆகவே சேரப்போகும் ஆய்வகத்தில் நீங்கள் பார்க்கவேண்டியது நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட் என்ற பெட்டி உண்மையிலேயே காற்றை இழுக்கிறதா என்பதை. கதவருகே ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால் தெரிந்துவிடும். அதற்குள் பழைய பெட்டிகள் அடுக்கியிருந்தால் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அவள் படிக்க நினைப்பது என்னவென்று பார்ப்போம். எவ்வளவு ஆர்சனிக் என்ற கேள்வி பழையது. ஜேம்ஸ் மார்ஷ் 1836-இலேயே அதற்குச் சோதனை சொல்லிவிட்டார். எந்த வடிவத்தில் என்பதுதான் இந்தத் துறை. இறாலிலோ நண்டிலோ கிலோவுக்குப் பல மில்லிகிராம் ஆர்சனிக் இருக்கலாம். எண்ணைப் பார்த்தால் பகீர் என்றிருக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு ஆர்சனோபீட்டைன் என்ற, மெத்தில் தொகுதிகள் சேர்ந்த கரிமச் சேர்மம். உடம்பு அதை அப்படியே சிறுநீரில் வெளியேற்றிவிடும். ஆஸ்திரேலியப் பாறை இறாலிலிருந்து எட்மண்ட்ஸ், ஃபிரான்செஸ்கோனி குழுவினர் 1977-இல் பிரித்துக் காட்டிய பொருள் அது. கிணற்று நீரில் வரும் கனிம வடிவங்களான ஆர்சனைட்டும் ஆர்சனேட்டும் அப்படியல்ல, புற்றுநோய் வரை கொண்டுபோகும். மீன்குழம்பு சாப்பிட்ட மறுநாள் சிறுநீரில் மொத்த ஆர்சனிக் பார்த்துவிட்டுக் குடும்பமே கலங்கிப்போவது இந்த வேறுபாடு தெரியாததால்தான். சோதனைக்கு முன் மூன்று நாலு நாள் கடல் உணவைத் தவிர்க்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

பாதரசத்தில் கதை தலைகீழ். அங்கே மெத்தில் சேர்ந்தால் கொடுமை கூடும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் பதிவான நோய் ஆலைக்கழிவின் மெத்தில் பாதரசத்தால் வந்தது. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து பரவியது வெறும் பாதரசம்தான். ஆனால் நீர்நிலையின் சேற்றில் உள்ள பாக்டீரியாக்கள் அதையே மெத்தில் பாதரசமாக மாற்றக்கூடியவை, அது மீனில் சேரும். கப்பல் பெயின்டில் கலந்த டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மமோ லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவிலேயே கடல்நத்தைப் பெட்டைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்க வைத்தது. பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடித்ததும், 1982-இல் அங்கே சிறு படகுகளுக்கு அந்தப் பெயின்ட் தடுக்கப்பட்டது. உலக அளவிலான உடன்படிக்கை 2008-இல்தான் அமலுக்கு வந்தது.

வேலையின் நிஜமான கஷ்டம் கருவிக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். மேற்கு வங்கத்தில் 1983-இல் டாக்டர் கே.சி.சாகா தோல்நோயை வைத்து அடையாளம் கண்ட ஆர்சனிக் பாதிப்புக்குக் குழாய்க்கிணறுகள் காரணம். ஆற்று வண்டலில் இரும்பு ஆக்சைடின்மேல் ஒட்டியிருக்கும் ஆர்சனிக், ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் இரும்பைக் கரைக்கும்போது கூடவே நீருக்கு வந்துவிடும். அந்த நீரைப் பாட்டிலில் பிடித்தால் பளிங்குபோல் இருக்கும். மறுநாள் காலையில் அடியில் துருநிற வண்டல். காற்றுப் பட்டு இரும்பு படியும்போது ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து அளப்பவர் 'நல்ல தண்ணீர்' என்று சான்று கொடுத்துவிடுவார். அதனால் கிணற்றடியிலேயே 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிக்கவேண்டும். மொத்த அளவு மட்டும் போதுமென்றால் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவரலாம். வடிவம் பிரித்துப் பார்க்கவேண்டும் என்றால் உலோகங்களைப் பிடித்துவைக்கும் ஈ.டி.டி.ஏ. சேர்த்து, வெளிச்சம் புகாத பாட்டிலில், 4 டிகிரி குளிரில் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் ஆர்சனைட் வழியிலேயே ஆர்சனேட்டாகிவிடும், பிறகு எந்தக் கருவியாலும் அதைத் திருப்ப முடியாது.

கருவி என்பது பெரும்பாலும் எச்.பி.எல்.சி. என்ற திரவப் பிரிப்புக் கருவியையும் ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற நிறை அளக்கும் கருவியையும் கோத்த ஏற்பாடு. முன்னது வடிவங்களைப் பிரிக்கும், பின்னது மாதிரியை ஆர்கான் பிளாஸ்மாவில் அயனியாக்கி, நிறை 75-இல் ஆர்சனிக்கை எண்ணும். சிக்கலும் அங்கேதான். பிளாஸ்மாவில் உள்ள ஆர்கான் 40, மாதிரியில் உள்ள குளோரின் 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதே 75. உப்புநீர் மாதிரியில் இல்லாத ஆர்சனிக் இருப்பதுபோல் தெரியும். கருவிக்குள் உள்ள மோதல் அறையில் ஹீலியம் விட்டு அந்தப் போலியை ஒடுக்குவார்கள். டிரிப்பிள் குவாட் என்ற உயர்ரகக் கருவியானால் ஆர்சனிக்கோடு ஆக்சிஜன் சேர்த்து 91-இல் படிப்பார்கள்.

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இன்னொரு இடத்தில். எச்.பி.எல்.சி.யின் அயனிப் பரிமாற்றப் பிரிப்புக் குழாயில், நடுநிலை பி.எச்.சில் ஆர்சனைட்டுக்கு மின்சுமை இல்லை. அது பிரிப்புக் குழாயில் நிற்காமல் முதலிலேயே ஓடிவரும், ஆர்சனோபீட்டைனும் அதே நேரத்துக்கு வரும். இரண்டையும் பிரிக்கத் தெரியாதவர் மீனின் நல்ல ஆர்சனிக்கை நஞ்சுக் கணக்கில் எழுதிவிடுவார். மாதிரியிலிருந்து எடுத்த சாற்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு ஆர்சனைட் முழுவதையும் ஆர்சனேட்டாக்கினால் அது தள்ளிப்போய்த் தனியாக நிற்கும். சின்ன வித்தைதான், ஆனால் ஏற்றுமதிச் சரக்கு ஒன்று கப்பலேறுமா திரும்புமா என்பது அதில் இருக்கலாம்.

அரிசிக்கு வழி எளிது: மாவை 0.28 மோலார் நைட்ரிக் அமிலத்தில் 95 டிகிரியில் 90 நிமிடம் வைத்தால் வடிவங்கள் குலையாமல் வெளியே வரும். செய்தது சரியா என்று பார்க்க அமெரிக்கத் தர நிறுவனத்தின் 1568பி அரிசிமாவு இருக்கிறது. அதில் கிலோவுக்குக் கனிம ஆர்சனிக் 0.092, மெத்தில் சேர்ந்த வடிவங்களான டி.எம்.ஏ. 0.180, எம்.எம்.ஏ. 0.0116 மில்லிகிராம். கூட்டினால் 0.284, சான்றளித்த மொத்தம் 0.285. தன் கையால் இந்தக் கூட்டல் ஒத்துவரும் வரை ஒரு மாணவி அசல் மாதிரியைத் தொடக்கூடாது. தீட்டிய அரிசிக்கு சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த வரம்பு கனிம ஆர்சனிக்குக்கு மட்டும், கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். இந்த மாவின் மொத்தத்தை மட்டும் பார்த்தால் தேறாது, கனிமப் பங்கைப் பார்த்தால் தாராளமாகத் தேறும்.

இவ்வளவு விவரத்துக்கும் காரணம் உண்டு. கருவியை ஓட்ட மூன்று மாதத்தில் யாரும் கற்றுக்கொள்வார்கள். சம்பளம் கிடைப்பது எண் எங்கே பொய் சொல்லும் என்று தெரிந்தவருக்கு. அந்தப் பொறுமை மகளிடம் இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்கவேண்டும், மதிப்பெண்ணை அல்ல.

வேலைக்கு வருவோம். வடிவப் பகுப்பாய்வு மட்டுமே செய்யும் பணியிடங்கள் இந்தியாவில் கொஞ்சம்தான், இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அதே கைப்பழக்கத்துக்கு வெளியே நல்ல கிராக்கி. மருந்துகளில் உலோக மாசுக்கு ஐ.சி.எச். க்யூ3டி என்ற சர்வதேச விதி வந்தபின், ஐ.சி.பி.-எம்.எஸ். தெரிந்தவர்கள் மருந்து நிறுவனங்களுக்குத் தேவைப்படுகிறார்கள். வாய்வழி மருந்தில் ஆர்சனிக் நாளுக்கு 15 மைக்ரோகிராம் என்பது அதன் வரம்பு. என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற தனியார் உணவு, நீர் ஆய்வகங்கள் இன்னொரு வாசல். தொடக்கச் சம்பளம் சுமார்தான், வேலை அதிகம். ஆனால் ஆய்வகத் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 17025 ஒழுங்கு உடம்பில் ஊறிவிடும்.

அரசு வேலைதான் வேண்டும் என்றால் பெற்றோர் பலரும் கேள்விப்படாத தேர்வு ஒன்று இருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. புவியியலாளர்களுக்கு மட்டுமானது என்று நினைத்து வேதியியல் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வேதியியலாளர் பதவிக்கும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் வேதியியல் விஞ்ஞானி பதவிக்கும் அதன் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். எம்.எஸ்சி. வேதியியல் போதும். நீர் ஆர்சனிக்குக்கு இதைவிட நேரான அரசு வேலை இல்லை.

ஆராய்ச்சி என்றால் வரிசை இப்படி: ஜாம் அல்லது க்யூட் நுழைவுத்தேர்வு வழியாக எம்.எஸ்சி., பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படி. அது இல்லாமல் கைக்காசில் பிஎச்.டி. செய்ய அனுப்பாதீர்கள். நாக்பூரின் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி, லக்னோவின் நச்சியல் ஆராய்ச்சி நிறுவனமான ஐ.ஐ.டி.ஆர்., ஹைதராபாத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பொருள் பகுப்பாய்வு மையம் ஆகியவற்றை அவள் பார்த்துவைக்கட்டும். பகுப்பாய்வைவிட நீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்குவதில் மனம் போனால் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவின் 'அம்ரித்' என்ற நீர்ச் சுத்திகரிப்பு நுட்பத்தின் பக்கம் திரும்பலாம். வெளிநாடு என்றால் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகம் ஆர்சனிக்குக்குப் பேர்போனது. சித்த மருந்துகளின் தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக் சல்பைடுகள்தான். முடித்த மருந்தில் அவை எந்த வடிவத்தில் இருக்கின்றன, எவ்வளவு கரைகின்றன என்பது தமிழ் தெரிந்த ஒரு வேதியியலாளர் எடுத்துச் செய்யத் தகுந்த வேலை.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவரது கட்டுரை எண்ணிக்கையைவிட ஆர்கான் யார் காசில் வருகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். ஐ.சி.பி.-எம்.எஸ். நிமிடத்துக்குச் சுமார் 17 லிட்டர் ஆர்கான் குடிக்கும். 7 கன மீட்டர் சிலிண்டர் ஒன்று ஏழு மணி நேரத்துக்குள் காலி. கோடிக்கணக்கில் கருவி வாங்கிவிட்டு, ஆர்கானுக்குப் பணமில்லாமல் துணி போர்த்தி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அங்கே சேரும் மாணவியின் இரண்டு ஆண்டு வீண். கருவி போன மாதம் எத்தனை நாள் ஓடியது, எச்.பி.எல்.சி. அதோடு இணைந்திருக்கிறதா, பழுதானால் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறதா, இப்போதுள்ள மாணவர்களுக்கு வாரத்தில் எத்தனை நாள் முறை வருகிறது என்பதை மூத்த மாணவர்களிடம் தனியாகக் கேட்டால் நேராகச் சொல்வார்கள்.

எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கும் முன் இந்த விடுமுறையில் கல்லூரி ஆய்வகத்திலேயே ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம். ஆர்சனிக் வேண்டாம், செம்பு போதும். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் கரைசலிலிருந்து 0.1 மில்லிலிட்டர் எடுத்து 10 மில்லிலிட்டராக்கி, அதில் 0.1 எடுத்து 100 ஆக்கினால் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரும். இதை ஐந்து முறை தனித்தனியாகச் செய்து, எதுவும் சேர்க்காத ப்ளாங்க் மூன்றோடு ஒரு தனியார் ஆய்வகத்தில் கட்டணம் கட்டி அளந்து வாங்கட்டும். ஐந்தும் ஒன்றையொன்று ஒட்டி வந்து, ப்ளாங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் இருந்தால் கை சுத்தம். ப்ளாங்கில் செம்பு வந்தால் அது குழாய்த் தண்ணீரா, கண்ணாடிக் குடுவையா, கையுறையா என்று அவளே தேடட்டும். அந்தத் தேடல் அவளுக்குச் சலிப்பாக இருக்கிறதா, சுவையாக இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். சலிப்பென்றால் கரிமத் தொகுப்பு, மருந்து வேதியியல் என்று வேறு நல்ல வழிகள் இருக்கின்றன, எம்.எஸ்சி. சேர்க்கைக்கு முன்பே மாற்றிக்கொள்ளலாம்.