விதை குடலில், நிலம் கல்லீரலில்

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். இப்போது கல்லீரலிலும் கட்டிகள் என்கிறார்கள். இரண்டு புற்றுநோயா?

ஒன்றுதான். கல்லீரலில் இருப்பதும் குடல் புற்றுநோய்ச் செல்கள்தான், அதனால் மருந்தும் அதற்கானதே. குடலிலிருந்து திரும்பும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கட்டியிலிருந்து உதிர்ந்த செல்லுக்கு அதுதான் முதல் ஸ்டாப். கட்டிகளின் எண்ணிக்கையும் இடமும் தோதாக இருந்தால் அவற்றை வெட்டி எடுக்க முடியும், மிச்சக் கல்லீரல் வளர்ந்துகொள்ளும். ‘பரவிவிட்டது’ என்றதும் கைவிட்டுவிடாமல், கல்லீரல் அறுவை நிபுணர் ஒருவரிடமும் ஸ்கேனைக் காட்டுங்கள்.

குடித்தால் புற்றுநோய் வரலாம், சரி. வந்தது பரவுவதற்கும் குடிப்பழக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889இல் ஒரு கணக்குப் போட்டார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களில் 241 பேருக்குக் கல்லீரலில் நோய் பரவியிருந்தது. மண்ணீரலில் வெறும் 17 பேருக்கு. மண்ணீரலுக்கும்தான் நிறைய ரத்தம் போகிறது, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? விதை எங்கும் விழும், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்றார் பேஜட்.

மது அந்த நிலத்தை உழுது வைக்கிறது. தொடர்ந்து குடிப்பவரின் குடல் சுவர் கசிகிறது. பாக்டீரியாக்களின் நச்சு போர்ட்டல் சிரையில் ஏறி கல்லீரலுக்கு வருகிறது. அங்கே காவலுக்கு நிற்கும் குப்ஃபர் செல்கள் அதை உணர்ந்து டிஎன்எஃப், இன்டர்லூகின் போன்ற சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டுகின்றன. சமிக்ஞை கிடைத்ததும் ரத்தக் குழாயின் உள்சுவரில் ‘செலக்டின்’ போன்ற ஒட்டுப் புரதங்கள் முளைக்கின்றன. அவை வெள்ளை அணுக்களைப் பிடிக்க ஏற்பட்டவை. ஆனால் வழிப்போக்கனாக வந்த புற்றுநோய்ச் செல்லும் அதில் ஒட்டிக்கொள்கிறது. திருடனைப் பிடிக்க வைத்த ஏணியில் திருடனே ஏறிய கதை! அப்புறம் மது தூண்டிவிட்ட, கல்லீரலிலேயே இருக்கும் நட்சத்திர செல்கள் நார்களை நெய்து, வந்தவனுக்குக் கூடு கட்டிக் கொடுக்கின்றன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்தச் சங்கிலியின் பல கண்ணிகள் எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் பார்த்தவை. ‘உங்கள் அப்பாவுக்குப் பரவியது குடியால்தான்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

நான் பீர் மட்டும்தான், டாக்டர்.

5 சதவீத பீர், 650 மில்லி பாட்டிலில் சுமார் 25 கிராம் ஆல்கஹால். 42.8 சதவீத விஸ்கி 60 மில்லியில் சுமார் 20 கிராம். கல்லீரல் லேபிளைப் படிப்பதில்லை.

சிரோசிஸ் (தழும்பேறி இறுகிப்போகும் நோய்) உள்ள கல்லீரலில் புற்றுநோய் பரவாது என்று மாமா சொல்கிறார். அவர் குடிப்பவர்.

மாமா விவரமானவர்தான்! சிரோசிஸ் வந்த கல்லீரலில் வேறு இடத்துப் புற்றுநோய் குறைவாகவே பரவியிருப்பதைப் பல பிரேதப் பரிசோதனை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இறுகிப்போன கல்லீரலுக்குள் ரத்தம் சரியாக நுழையாமல் பக்கவழியில் போய்விடுவது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதே சிரோசிஸ் கல்லீரலில்தான் அதன் சொந்தப் புற்றுநோய் கிளம்புகிறது. விருந்தாளி வராததற்குச் சந்தோஷப்பட வீட்டுக்காரர் நலமாக இருக்க வேண்டாமா?

புற்றுநோய்ச் செல் ஒட்ட உதவும் அந்தச் சமிக்ஞைகளை மாத்திரையால் தடுக்க முடியாதா?

முயன்றுகொண்டிருக்கிறார்கள். செல்லின் மேல் இருந்து இப்படிச் சமிக்ஞையை வாங்கும் சிசிஆர்5 என்ற ஏற்பியை அடைக்கும் மரவிராக் எச்ஐவிக்கு வந்த மருந்து. குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய சிலரிடம் ஜெர்மனியில் அதைச் சோதித்தார்கள். இன்னும் அது வழக்கமான சிகிச்சையாகவில்லை. அதனால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம்.